ஆறாங்கட்டையில் ஒரு பங்காளி வீடு

பீடோங்கில் நான் குடித்த முதல் டீ பாயசம் போல இருந்தது. கண்ணாடி டம்ளரின் அடியில் டின் பால் இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சொன்னார், "'தே'ன்னு கேட்டா இப்படித்தான் வரும் அண்ணே. பால் இல்லாம வேணும்னா 'தே ஓ'ன்னு கேக்கணும். ஊருலேருந்தா வர்றீங்க?"

"ஆமாங்க" என்றேன். எந்த ஊர் என்று கேட்பார், துறையூர் என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. இங்கே ஊர் என்றால் இந்தியாதான் என்று மறுநாள்தான் புரிந்தது.

துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. விமானம் ஏறியது இதுதான் முதல் தடவை, அதுவும் மகள் கீர்த்தனாவுக்காக. திருச்சியில் நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் கல்லூரிக்கும் இந்த மலாய் நாட்டில் பீடோங் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரிக்கும் ஏதோ ஒப்பந்தம். ஒரு பருவம் இங்கே வந்து படிக்கலாம். வகுப்பில் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் திங்கட்கிழமை நான் திரும்ப வேண்டும் என்பது திட்டம்.

கல்லூரியில் ஒரு படிவம் கேட்டிருந்தார்கள். வெளிநாட்டு மாணவிக்கு இந்த நாட்டுக் குடிமகன் ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகத்துக்கு நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் விடுதியில் அறை இல்லை. அறை இல்லையென்றால் சேர்க்கை இல்லை. எங்கள் தெரு முத்துவின் மைத்துனர் சுங்கை பட்டாணியில் இருக்கிறார், அவர் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தபடியே அவருக்குப் போன் செய்தோம். அவர் நாட்டின் தென்கோடியில், ஜொகூரில் இருந்தார். கம்பெனி அனுப்பிவிட்டதாம். வர மூன்று வாரம் ஆகுமாம்.

"மன்னிச்சிருங்க அண்ணே, சொல்லணும்னு நெனச்சிக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

"பரவாயில்லைங்க" என்று நான் சொன்னேன். போனை வைத்ததும் கீர்த்தனா கேட்டாள், "என்னப்பா பரவாயில்ல?"

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். கையெழுத்துக்கு ஆள் இல்லாவிட்டாலும் கல்லூரிக்குப் போய் விவரம் சொன்னால் வழி காட்டுவார்கள் என்று நினைத்து, அதற்கு முன்பே போய்விட வேண்டும் என்று மகளை விரட்டினேன். பசியாறக்கூட நிற்கவில்லை. இங்கே காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள். நல்ல சொல்லாகப் பட்டது, ஆனால் அன்று ஆற நேரமில்லை. ஒன்பதரைக்குக் கல்லூரி வாசலில் நின்றோம். கேட் பூட்டியிருந்தது. காவலாளி நம் ஆள். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"ராகு காலத்துக்கு முன்னாடி உள்ள போயிரணுங்க" என்றேன்.

"ராகு காலத்த விடுங்கண்ணே. இன்னிக்கு வெள்ளி, நாளைக்குச் சனி. கெடா மாநிலத்துல ரெண்டு நாளும் லீவு லா. எமகண்டம், குளிகை எல்லாமே லீவு." அவருக்கே சிரிப்பு வந்து ரொட்டி புரையேறியது. லா போட்டுப் பேசுவது இந்தப் பக்கத்து வழக்கம்.

"ஞாயித்துக் கிழமை?"

"ஞாயிறு ஆபீசு, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. சேர்றதுக்குக் கடைசி நாளும் அதான். நாலு மணி வரைக்கும்." கீர்த்தனா கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். "கையெழுத்துக்கு ஆளு இருக்கா?"

இல்லை என்றாள் கீர்த்தனா. கல்லூரியில் வேலை செய்கிறவர்கள் யாரும் போடக்கூடாது, இல்லாவிட்டால் நானே போட்டுவிடுவேன் என்றார் அவர். மீதி ரொட்டியை எங்களுக்கு நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். கீர்த்தனா வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் பீடோங் கடைவீதி எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை போல ஆகிவிட்டது. பள்ளிவாசல் பக்கம் மட்டும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒரு டயர் கடை பாதித் திறந்திருந்ததால் வெளியே நின்று பார்த்தேன். டயரைக் கழற்ற மெஷின், மாட்ட மெஷின், சமன் பார்க்க இன்னொரு மெஷின். நான் கடப்பாரையும் காலும் வைத்துச் செய்கிற வேலையை இங்கே ஒரு பெடலை மிதித்துச் செய்கிறார்கள். உள்ளே இருந்த சீனர் என்ன வேண்டும் என்பது போலத் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தங்கியிருந்த விடுதியின் முதலாளி தமிழர், இந்த நாட்டுக்காரர். அவரையே கேட்டுப் பார்க்கலாம் என்று கீர்த்தனா சொன்னாள். அறையில் கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'ஐயா, ஒரு உதவி. என் மகளுக்கு ஒரு கையெழுத்து.' நாலு தடவையும் நன்றாக வந்தது. கீழே இறங்கி அவர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சுடுதண்ணி கெடைக்குமாங்க?" என்று கேட்டேன். ஒரு பிளாஸ்க் நிறையத் தந்தார். அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

பிளாஸ்க்கைப் பார்த்ததுமே கீர்த்தனாவுக்குப் புரிந்துவிட்டது. "நீங்க கேக்கலேன்னா நான் கேக்கறேம்பா" என்றாள். பிறகு அவளே கீழே போய்க் கேட்டாள். தெரியாதவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை, தப்பாக நினைக்க வேண்டாம் என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

பெட்டியில் ஒரு கல்யாணப் பத்திரிகையை அதன் உறையோடு கொண்டுவந்திருந்தேன். என் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், வாலிபத்தில் இந்த நாட்டுக்கு ரப்பர் வெட்ட வந்தவர். திரும்பவில்லை. அவர் மகன் கோவிந்தசாமி எனக்கு அண்ணன் முறை. நேரில் பார்த்ததில்லை. பதினான்கு வருடத்துக்கு முன் அவர் தன் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார். நாங்கள் மொய் அனுப்பவில்லை, பதிலும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்தோம், நாள் போய்விட்டது. அதில் ஆறாங்கட்டைத் தோட்டம், செர்டாங், கெடா என்று முகவரி இருந்தது. போன் எண் இல்லை. முடிந்தால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வா என்று என் மனைவி ஒரு பை கட்டிக் கொடுத்திருந்தாள். அண்ணிக்கு ஒரு மஞ்சள் பட்டுச்சேலை, கண்ணாடி வளையல், சமயபுரத்துக் குங்குமம், ஒரு டப்பா அதிரசம்.

"நாளைக்குப் போவோம்ப்பா. வேற யாரு இருக்கா நமக்கு?" என்றாள் கீர்த்தனா.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். சுங்கை பட்டாணியில் ஒரு பஸ் மாறி, கூலிமில் இன்னொன்று. பஸ்ஸில் குளிர் ஏறிப்போய் இருந்தது. சாலை ஓரமெல்லாம் செம்பனை. எண்ணெய்ப் பனை மரத்துக்கு இங்கே அப்படித்தான் பெயர். வரிசை மாறாமல், ஒரே உயரத்தில், மணிக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கம் சாலையில் ஆடு வரும், டிராக்டர் வரும், யாராவது கையைக் காட்டி நிறுத்துவார்கள். கண் விழித்திருக்க ஒரு காரணம் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. நானும் கீர்த்தனாவும் தூங்கிவிட்டோம்.

டிரைவர் தட்டி எழுப்பியபோது பஸ் காலியாக நின்றது. பண்டார் பாரு. கெடாவின் தெற்கு ஓரம், அதற்கு அப்பால் பேராக் மாநிலம். செர்டாங் எப்போதோ போய்விட்டது. டிரைவர் மலாயில் ஏதோ நீளமாகச் சொன்னார். எதிரே லாரி ஒன்றின் நிழலில் நின்றிருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து தமிழில் எடுத்துச் சொன்னார்.

"செர்டாங்குல மூணு தடவ கத்துனாராம். அப்பாவும் பொண்ணும் ஒரே மாதிரி வாயத் தொறந்து தூங்குனீங்களாம். எழுப்ப மனசு வரலையாம்." பிறகு தன் பங்குக்கு, "ஊருலேருந்து பிளேன்ல வந்து செர்டாங்கத் தாண்டித் தூங்குன மொத ஆளு நீங்கதாண்ணே" என்றார்.

அவர் பெயர் அந்தோணி. செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். செர்டாங் வழியாகத்தான் போகிறேன், ஏறுங்கள் என்றார். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. கீர்த்தனாவை நடுவில் உட்கார வைத்து, இலைப் பொட்டலத்தில் நாசி லெமாக் கொடுத்தார். தேங்காய்ப்பால் சோறு, காரமான சம்பல், பொரித்த நெத்திலி. நான் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன் என்றதும், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் இலையிலிருந்த நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். "எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் கெடையாது" என்றார். சம்பலிலேயே நெத்திலி அரைத்துச் சேர்ப்பார்கள் என்பதை நான் இலையை வழித்த பிறகுதான் சொன்னார்.

"ஆறாங்கட்டையில யார தெரியும்?" என்று கேட்டார். கட்டை என்றால் மைல் கல். அந்த ஊர்கள் பலவற்றுக்கும் கல்தான் பெயர். கோவிந்தசாமி என்றேன். அவருக்குத் தெரியவில்லை. "குலை ஏத்த வருவேன், போவேன். லயத்துப் பக்கம் போனதில்ல. இப்ப பாதி வீட்டுல வங்காளதேசத்து ஆளுங்க." முச்சந்தியில் இறக்கிவிட்டு, செம்மண் பாதையைக் காட்டினார்.

பாதையின் ஒரு பக்கம் ரப்பர் மரங்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. பட்டையில் சாய்வாக வெட்டிய கோடும், அதன் கீழே பால் வடியக் கட்டிய மங்கும் பார்த்தேன். மங்கில் காய்ந்த பால் ஒட்டியிருந்தது. இழுத்தேன், நீண்டது. இருபத்தேழு வருடமாக ரப்பர் ஒட்டிப் பிழைக்கிறேன், அது இப்படி மரத்தில் இருந்து பார்த்ததில்லை. "வாங்கப்பா" என்று கீர்த்தனா கூப்பிட்டாள். மணி பதினொன்று ஆகியிருந்தது.

லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கோவிந்தசாமி என்று கேட்டதற்கு வங்காளதேசத்து ஆள் ஒருவர் கோடி வீட்டைக் கைகாட்டினார். வாசலில் நீலத் தார்ப்பாய்ப் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். விசேஷம் போலிருக்கிறது, நல்ல வேளை பையோடு வந்தோம் என்று நினைத்து, பையை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். உள்ளேயிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் வந்தான். மொட்டைத் தலை. மீசை இல்லை. சட்டை இல்லாமல் துண்டு போட்டிருந்தான்.

என் கால் நின்றுவிட்டது. பை கையில் கனத்தது. உள்ளே சுவர் ஓரம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மாலை போட்ட படம். அப்படித்தான் என் அண்ணனை முதல் தடவையாகப் பார்த்தேன். மூக்கு என் அப்பாவின் மூக்கு.

இறந்து அன்று பத்தாம் நாள். பாயில் உட்கார்ந்திருந்த அண்ணியின் நெற்றி வெறுமையாக இருந்தது. என் பையில் அவருக்கு மஞ்சள் சேலையும் குங்குமமும் வளையலும் இருந்தன. நான் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். கீர்த்தனா அதைச் சத்தமில்லாமல் வாங்கி, தன் நாற்காலிக்கு அடியில் தள்ளி, துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

யார் என்று சொல்வதற்குப் பதிலாகப் பத்திரிகையை எடுத்து நீட்டினேன். அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்மா, இங்க வா. ஒன் கல்யாணப் பத்திரிக" என்றார்.

அடுப்படியிலிருந்து அவர் மகள் பத்மா வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது, தலையில் கட்டிய துண்டு. பத்திரிகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விவரம் கேட்டாள். "துறையூரு சித்தப்பாவா! பதினாலு வருசம் கழிச்சுப் பத்திரிகையத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. கல்யாணம் முடிஞ்சிருச்சு சித்தப்பா. சோறும் தீந்துருச்சு" என்று பத்திரிகையை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஏய், சும்மா இரு" என்று அண்ணி அதட்டினார். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு முதலில் கேட்ட சிரிப்பு அதுதானோ என்னவோ, மொட்டைத் தலை குமாரும் சிரித்தான். அவன் பத்மாவின் தம்பி.

எங்களுக்குத் தே ஓ வந்தது. அண்ணன் எப்படி இறந்தார் என்று அண்ணி சொன்னார். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்குக்கு, போக சட்டையை மாட்டினவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பங்காளி என்றால் எனக்கும் தீட்டுதான். கேள்விப்பட்ட நாளிலிருந்து மீதி ஆறு நாள். நாளைக்கு மகள் புதிதாகப் படிக்கச் சேர வேண்டும். அதைத் தயங்கித் தயங்கி அண்ணியிடம் சொன்னேன்.

"அட, தம்பி" என்றார் அண்ணி. "எங்க மாமனாரு இருந்த காலத்துலயே அதுக்குக் கணக்கு வெச்சிருந்தாங்க. தீட்டுக்குக் கடல் தாண்டத் தெரியாது. ஊருல யாராச்சும் செத்தா இங்க ஒரு தலைமுழுக்கு, இங்க செத்தா அங்க ஒரு தலைமுழுக்கு. புள்ளைய நல்லபடியாச் சேத்துட்டு நீங்க கெளம்புங்க."

மகளைச் சேர்க்கிற பேச்சு அவர் வாயாலேயே வந்துவிட்டது. கையெழுத்தைக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கீர்த்தனா என் முழங்கையை இடித்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். பத்து நாள் முன்னால் வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவரிடம், பதினான்கு வருடம் ஒரு வரி எழுதாத நான், என் காரியத்தைக் கேட்பதா? இன்னொரு தே ஓ வந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே போனது. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எழுந்தேன், படத்தைக் கும்பிட்டேன், திரும்பிப் பார்க்காமல் வாசல் இறங்கினேன்.

"அவ்வளவுதானாப்பா?" என்று பையோடு பின்னால் வந்த கீர்த்தனா மெல்லக் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. என்மேல் அவள் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

பாதி வழியில் ஒரு சின்ன வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து நின்றது. பத்மா. "ஏறுங்க சித்தப்பா. நானும் வீட்டுக்குத்தான் போறேன். எங்க போவணும்?"

பீடோங் என்றாள் கீர்த்தனா.

"பீடோங்கா? என் வீடே பீடோங்குதான். எங்க தங்கியிருக்கீங்க?" விடுதியின் பெயரைச் சொன்னதும் பத்மா ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தாள். "ரெண்டு சடக்கு தள்ளித்தான் எங்க வீடு. என்னைப் பாக்க பண்டார் பாரு வரைக்கும் சுத்திட்டு வந்திருக்கீங்களே!" சடக்கு என்றால் சாலையாம்.

கார் பெரிய சாலைக்கு வந்தது. "சும்மா பாக்கத்தான் வந்தீங்களா?" என்று பத்மா கேட்டாள்.

சும்மாதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முன் கண்ணாடியில் பின் இருக்கைக் கீர்த்தனாவின் முகம் தெரிந்தது. "இல்லம்மா" என்றேன். "புள்ளைக்கு ஒரு கையெழுத்து வேணும். நாளைக்கு நாலு மணிக்குள்ள. இந்த நாட்டுல எங்களுக்கு வேற யாரும் இல்ல. அதைக் கேக்கத்தான் வந்தேன். வந்த எடத்துல கேக்க முடியல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

பத்மா முன்னால் போன லாரியைத் தாண்டிய பிறகு சொன்னாள். "இதக் கேக்கவா ரெண்டு மணி நேரம் தே ஓ குடிச்சீங்க?"

நான் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"அம்மாகிட்டக் கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. அவங்க பதினாறு முடியிற வரைக்கும் வாசப்படி தாண்ட மாட்டாங்க. குமாரையும் எந்தப் பேப்பர்லயும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எனக்குக் கட்டிக்குடுத்த பொண்ணுன்னு மூணு நாளுதான் தீட்டு. என் அப்பா செத்ததுக்கு மூணு நாளு, சித்தப்பா! நாலாம் நாளு தலை முழுகிட்டு பேக்டரிக்குப் போன்னுட்டாங்க. கையுறை எண்ணிக்கிட்டே அழுதேன். வெளி வீட்டுக்காரியாம் நான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பப் பாருங்க, அந்த வீட்டுலயே நான் ஒருத்திதான் சுத்தம். நானே போடறேன்."

கீர்த்தனா பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா" என்றாள்.

இறங்கும்போது பையைப் பற்றிச் சொன்னேன். பத்மா அதைப் பிரித்து, மஞ்சள் சேலையைப் பார்த்து, வாயில் கை வைத்தாள். "நல்ல வேள, நீட்டல. எனக்குக் குடுங்க, நான் கட்டிக்கறேன். மொய்யில கழிச்சுக்குவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகள் சீருடையோடு பள்ளிக்கூடம் போனதைப் பார்க்க விநோதமாக இருந்தது. பத்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அலுவலகத்தில் முக்காடு போட்ட ஒரு மலாய் அம்மா எங்கள் காகிதங்களைப் பார்த்தார். பத்மாவின் அடையாள அட்டையை வாங்கினார். என்ன உறவு என்று கேட்டார். பத்மா விரல்களை மடக்கி மடக்கி விளக்கினாள். பிறகு எங்களிடம் தமிழில் சொன்னாள், "எங்க தாத்தாவும் இவ தாத்தாவும் அண்ணன் தம்பின்னு சொன்னேன். ஒரு வரியில எழுதற மாதிரி சொல்லுன்றாங்க. தங்கச்சின்னுட்டேன்."

அடுத்த கேள்விக்குத்தான் பத்மா தடுமாறினாள். இந்த மாணவியின் குடும்பத்தை எத்தனை வருடமாகத் தெரியும்? நேற்று மத்தியானத்திலிருந்து என்று சொன்னால் கையெழுத்து செல்லாது. கீர்த்தனா என்னைப் பார்த்தாள். நான் சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தேன். பத்மா அதில் தன் பெயரையும் தேதியையும் காட்டினாள். உறை மேல் ஒட்டியிருந்த இந்த நாட்டுத் தபால் தலையையும், என் பெயர், ஊரையும் காட்டினாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பதினான்கு என்று எழுதினார்.

"பொய் இல்ல லா" என்று பத்மா என் காதில் சொன்னாள்.

கையெழுத்து விழுந்தது. கீர்த்தனாவுக்கு அறைச் சாவி கொடுத்தார்கள். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. மதியம் கல்லூரி உணவகத்தில் மூவரும் மீ கோரேங் சாப்பிட்டோம். வறுத்த நூடுல்ஸ். கீர்த்தனா இரண்டு தட்டு சாப்பிட்டாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் தன் வீட்டில்தான் சாப்பாடு, வராவிட்டால் கையெழுத்தை அழித்துவிடுவேன் என்று பத்மா மிரட்டினாள்.

வேலைக்குக் கிளம்பும்போது கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள், "வர்ற வெள்ளி அப்பாவுக்குப் பதினாறு. தாத்தா தனியாளா வந்தவரு, எங்களுக்குப் பங்காளின்னு இந்த நாட்டுல யாரும் கெடையாது. அப்பாவ எடுத்த அன்னிக்குக்கூடக் குமாரு தனியாத்தான் மொட்டைக்குத் தலையக் குடுத்தான். கருமாதிக்குப் பங்காளி ஒக்கார்ற எடத்துல பக்கத்து வீட்டு அண்ணன ஒக்கார வெச்சுக்கலாம்னு பூசாரி சொல்றாரு." சாவி கிடைத்துவிட்டது. "சரி, நீங்க நாளைக்குப் பத்திரமாப் போங்க சித்தப்பா."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்தானே, கேட்க வராது.

தீட்டுக்குக் கடல் தாண்டத் தெரியாது என்பது அண்ணி சொன்ன கணக்கு. அதில் தப்பில்லை. ஆனால் நான் இப்போது கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"டிக்கெட்ட மாத்த முடியுமாம்மா?" என்று கீர்த்தனாவிடம் கேட்டேன். என்னத்துக்கு என்று அவள் கேட்கவில்லை. போனை எடுத்தாள். துறையூருக்குப் பேசியபோது என் மனைவிதான், கடை ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் வாடிக்கை போய்விடுமே என்றாள். பிறகு, எந்த அண்ணன், பத்திரிகை போட்டாரே அவரா, என்று கேட்டாள். இருந்துவிட்டே வா என்றாள்.

பத்மாவிடம்கூடச் சொல்லாமல், கீர்த்தனாவையும் கல்லூரியில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை அதிகாலையில் தனியாகவே கிளம்பினேன். கூலிமில் பஸ் மாறினேன். செர்டாங் வரும்வரை உட்காரவே இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். டிரைவர் அதே ஆள். செர்டாங் வந்ததும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்.

தோட்டத்துக்குப் பின்னால் ஓடை. அதன் கரையில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பத்மாவும் அண்ணியும் பெண்கள் பக்கம் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணி எழுந்து நின்றுவிட்டார். குமார் மணையில் உட்கார்ந்திருந்தான். அவன் தலையில் முடி புல் மாதிரி முளைத்திருந்தது. பக்கத்து மணை காலியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"செத்தவருக்கு எளைய பங்காளி யாராச்சும் இருந்தா முன்னால வாங்க" என்று பூசாரி குரல் கொடுத்தார். முறைக்குக் கேட்டாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"நான் இருக்கேங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். இத்தனை பேர் என்னைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. சட்டையைக் கழற்றினேன், குமாருக்குப் பக்கத்து மணையில் உட்கார்ந்தேன். நாவிதர் என் தலையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். கத்தியைத் தீட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக வைத்திருக்கிற மீசை, கொஞ்சம் பெரியதுதான்.

"மீசையும் எடுக்கணுமே அண்ணே. பரவால்லையா?"

"எடுத்துருங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, குனிந்திருந்த குமார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.